பொய்ச் சுவர்

முகப்புக்கு ஒரு நாளைக்கு நாற்பதாயிரம்.
வளவுக்கு இருபத்தைந்து.
அடுப்படியும் கிணற்றடியும் சேர்த்து மூவாயிரம் என்றார்
வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அடைக்கலம்.
கரண்டு தனி.

அதுவரை என் கதாநாயகி
ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில்
வெறுங்காலோடு நடந்து வருவதாக இருந்தாள்.
அன்றிரவு காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மூட்டைப்பூச்சி லாட்ஜில் உட்கார்ந்து
அவளைச் சமையல்காரி ஆக்கினேன்.
பதினோரு பக்கம் கிழிந்தது.
கதை கொஞ்சம் தேறியது.

பைக் விற்றது அறுபத்தெட்டு.
அக்கா தள்ளி எடுத்துத் தந்த சீட்டு ஒன்று,
மச்சானுக்குத் தெரியாமல்.
நடிக்கச் சிகப்பி,
தேவகோட்டைக் கூட்டுறவு வங்கியில்
நகைக்கடன் எழுதுகிறவள்,
ஆறு நாள் மெடிக்கல் லீவு.
ஒலிக்குப் பிலவேந்திரன். சம்பளம் வேண்டாம்,
மூன்று வேளையும் முட்டை வேண்டும்.

கானாடுகாத்தானில் சத்தம் இல்லை என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.
மயில் கத்தியது.
கோயில் குழாயில் ஆடி வெள்ளி.
எல்லாம் ஓய்ந்த பிறகு
பிலவேந்திரன் ஹெட்போனைக் கழற்றாமல் விரல் தூக்கினான்:
எங்கேயோ ஒரு ஃபிரிட்ஜ்.
அடைக்கலத்தின் ஃபிரிட்ஜை அணைத்தோம்,
திரும்பப் போட மறந்தோம்.
மறுநாள் பொங்கி வழிந்த மாவுக்கு
நூற்றி இருபது ரூபாய்.
கணக்கு நோட்டில் இன்னும் இருக்கிறது,
'இதர செலவு'.

சுவரைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

எங்களுக்கு முந்தின வாரம்
பெரிய கம்பெனி ஒன்று அங்கே பாட்டு எடுத்துவிட்டு
கிணற்றடியில் ஒரு சுவரை விட்டுப் போயிருந்தது.
பிளைவுட். மேலே பாரிஸ் சாந்து.
பாசிக்குப் பச்சைப் பொடி,
மழைக்கறைக்குத் தேயிலைத் தண்ணீர்.
அதற்கு இரண்டடி பின்னால் நிஜச் சுவர்,
சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் இழைத்தது,
கன்னம் வைத்தால் குளிரும், முகம் தெரியும்.
அவர்களுக்கு அது
போதுமான அளவு பழசாக இல்லையாம்.

எங்களிடம் இருந்த ஒற்றை விளக்குக்கு
நிஜச் சுவர் பளீரென்று அடித்தது.
பொய்ச் சுவர்தான் வெளிச்சத்தைக் குடித்தது.

சிகப்பி அதில் சாய்ந்து அழ வேண்டும்.
சாய்ந்தாள். சுவர் ஆடியது.
மறுபடி. மறுபடியும்.
கடைசியில் நானும் அடைக்கலமும்
இரண்டு சுவருக்கும் நடுவில் புகுந்து
முட்டுக்கொடுத்து நின்றோம்.
ஆக்‌ஷன் என்று அங்கிருந்துதான் கத்தினேன்.
அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.
பலகை வழியாக உள்ளங்கைக்கு வந்தது:
முதலில் ஒரு பாரம்,
பிறகு ஒரு சின்ன நடுக்கம்,
நின்றது,
நின்றுவிட்டது என்று நினைத்தபோது
திரும்பவும்.
பக்கத்தில் அடைக்கலம் மூச்சே விடவில்லை.
கட் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
கார்டு நிறைந்து கேமரா தானாக நின்றது.

நான்கு விழாக்கள் பதில் போடவில்லை.
ஐந்தாவது, பெயர் சொன்னால் தெரியாது,
ஒரு கல்லூரியின் மாடி அரங்கம், முப்பத்தொரு பேர்.
நடுவர் ஒருவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
'அந்தச் சுவர்!' என்றார்.
'நூறு வருஷத் துக்கம் அதில் இருக்கிறது.
இதையெல்லாம் செட் போட்டு வாங்க முடியாது.'
தலையாட்டினேன்.
சிகப்பி கைப்பையைத் திறந்து
எதையோ வெகுநேரம் தேடினாள்.

இப்போது சாலிகிராமத்தில் ஒருவர்
அடுத்த படத்துக்குப் பணம் தருவதாகச் சொல்கிறார்.
பாதி தருவார். பாதியில் பாதி கையில் வரும்.
ஆனால் அந்தச் சுவர் வேண்டுமாம்.

அடைக்கலத்துக்கு போன் போட்டேன்.
'அதுவா தம்பி? மார்கழியிலேயே
வெந்நீர் அடுப்புக்குப் போயிருச்சே.
பெயிண்ட் வாடைதான் கொஞ்சம்.
நின்னு எரிஞ்சுது.'

பிறகு,
நான் வைத்துவிட்டேனோ என்று
ஹலோ ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு,
'கெணத்தடி இப்ப அஞ்சாயிரம்.
ஒங்களுக்கு நாலரை.'