ஐந்து மதிப்பெண் வினா

வடாபாவ் சுற்றி வந்தது யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாள்.
எண்ணெய் படாத ஓரத்தில் இருந்தது கேள்வி:
‘முப்பிடாதி ஆற்றிய தாராவி உரைக்கு
வலுச் சேர்க்கும் உத்திகளை விளக்குக.
ஐந்து மதிப்பெண்.’

உரையாம். ஆற்றினாளாம்.

அன்றைக்கு நான் மைக் செட் பையன்.
லேபர் கேம்ப் முனையில் இரண்டு ஹாரன்,
ஒரு ஆம்ப்ளிஃபையர்,
அதுவும் ராத்திரி ஒரு கல்யாணத்துக்குப் பேசி வைத்தது.
தலைவர்கள் வரத் தாமதம்.
‘ஹலோ… ஒண்ணு… ரெண்டு… மூணு…’ என்று
ஊதிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் எங்கேயோ நின்றவள்
வேலைக்குக் கட்டிய நீலச் சேலையோடு ஏறி வந்து
கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.
‘நாலு’ என்றாள்.

சனம் சிரித்தது. நானும்தான்.

‘அஞ்சு’ என்றாள்.
அப்புறம்தான் சொன்னாள், அது மாடிக் கணக்கு என்று.

‘ஆறாம் மாடி ஏறினேன், ரெண்டு கையிலயும் டப்பா.
ஏழாம் மாடி ஏறினேன், ரெண்டு கையிலயும் டப்பா.’
ஒன்றைக்கூடத் தாண்டவில்லை.
திரும்பக் கூறல் என்று எழுதுவார்கள் பிள்ளைகள்.
எழுதட்டும், சரிதான்.
ஆனால் எட்டாம் மாடியில்
முன்வரிசைக்காரி ஒருத்தி
உட்கார்ந்த இடத்திலேயே தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.
அதற்கு இலக்கணத்தில் என்ன பெயர்?

பத்தாவதில் நின்றுவிட்டாள்.
பேச்சே இல்லை.
ஒயர் அறுந்ததோ என்று குனிந்து
ஃபியூஸைத் தொட்டேன். சுட்டது.
மாஹிம் பக்கம் ஒரு ஸ்லோ லோக்கல்
கடைசிப் பெட்டிவரை கடந்து போயிற்று.
ஹாரனில் அவள் மூச்சு மட்டும்.
வால்யூமைக் கூட்டி வைத்தேன்,
அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

‘லிஃப்ட் காலியா போயிட்டு வந்துட்டு இருந்துச்சு.
பத்தாம் மாடி நாய் அதுல இறங்கிச்சு.
நாயைக் குத்தம் சொல்லல.
அதுக்கும் கால் வலிக்கும்லா.’

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.
அங்கதம் என்று எழுதினால்
அரை மதிப்பெண் கிடைக்கலாம்.

பதினொண்ணு முதல் சனமே எண்ணியது.
பதினாலாம் மாடியில் மணி அடித்தாள்.
கதவைத் திறந்த குழந்தை உள்ளே திரும்பிக் கத்தியதாம்:
‘மம்மி, கச்ரா ஆயா.’

குப்பை எடுக்க வந்தவளை.

அதைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.
அழவில்லை.
மைக் முன்னால் அழத் தெரிந்தவர்களை நிறையப் பார்த்தவன் நான்;
வாடகை பாக்கி வைத்தவர்களும் அவர்கள்தான்.

அதுவரை ‘நான்’.
பிறகு கொஞ்ச நேரம் ‘நாங்க’.
கடைசியில், டீக்கடையோரம் நின்ற
அந்தக் கட்டடத்து வாட்ச்மேனைப் பார்த்தாள்.
கயத்தாறுக்காரர். லிஃப்ட் வாசலில்
கை நீட்டி அவளை மறித்தவர் அவரேதான்.
‘நாம ஏறினது போதும்’ என்றாள்.

‘நாங்க’ என்றிருந்தால் அவர் வெளியே நின்றிருப்பார்.
அவள் எடுத்தது இரண்டு எழுத்து, வைத்தது ஒன்று.
அவர் தொப்பியைக் கழற்றினார்,
வியர்வைக்கா வேறெதற்கா தெரியாது.
மறுநாள் அவர் வேலைக்கே போகவில்லை என்றார்கள்.
போனார், கையை இறக்கினார், வேலை போச்சு என்றும் சொன்னார்கள்.
லிஃப்ட் கிடைக்க
இன்னும் இரண்டு மழைக்காலம், ஒரு கோர்ட் கேஸ்,
நாற்பது பேர் கையெழுத்து, பதினொரு பேர் கைநாட்டு.
இதையெல்லாம் எழுதினால் மார்க் குறையும்.

இப்போது புத்தகத்தில்
உரை ‘நாலு’ என்றுதான் தொடங்குகிறதாம்.
விடைத்தாளின் கடைசி வரியில் அந்தப் பிள்ளை:
‘முதல் மூன்று மாடிகளை இவர் ஏன் விட்டார்
என்று தெரியவில்லை.’
பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம்: தேவையற்றது.

விடவில்லை, பிள்ளே.
அந்த மூன்றையும் அவளுக்கு முன்னால்
நான் ஏறியிருந்தேன்,
எதற்கென்று தெரியாமல்,
சும்மா, காற்றில் ஊதி.