யப்பான் மீன்

வவுனிக்குளத்து வலையில் விழுவதற்கு
எங்கள் பக்கம் யப்பான் மீன் என்று பெயர்.
யப்பானை அது கண்டதில்லை.
நானும்தான்.

வைகாசியில் வெடி அகற்றும் வெளியைப் பார்க்க வந்த ஃபுமியே
போகிற அன்று என் கையில் ஒரு டப்பாவை வைத்தாள்.
மூடியில் இருந்த எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை.
ஒரு கிண்ணம், அதற்கு மேல் ஆவி.
உள்ளே, மழை விட்ட ஒலுமடு றோட்டு.

"சேறு" என்றான் ஆரூரன்.
மணந்து பார்த்துவிட்டு,
"உப்புப் போட்ட சேறு."

முதல் நாள் எனக்குத் தெரிந்தபடி செய்தேன்.
கடுகு வெடிக்க, செத்தல் கருக,
ஒரு அகப்பை அள்ளிப் போட்டு
பூசணிக்காய் அவியும்வரை கொதிக்க விட்டேன்.
மணம் எல்லாம் தகரத்துக்குப் போனது.
சட்டிக்கு மிஞ்சியது உப்பு.

தவமலர் அக்காவின் போனில் கேட்டதற்கு
இரவே பதில் வந்தது:
கொதிக்க விட வேண்டாம். அதற்கு உயிர் இருக்கிறது.

உயிரோடு தின்கிறதா என்று
கொஞ்ச நேரம் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு உறியில் இருந்த எருமைத்தயிர்
ஞாபகத்துக்கு வந்தது.
சொதியும் வந்தது:
இறக்கின பிறகுதானே தேசிக்காய் பிழிவோம்,
கொதிக்கையில் விட்டால் கைக்கும், திரையும்.
இவ்வளவுதானா, ஃபுமியே?
இதை முதலே சொல்லியிருந்தால்
ஒரு பூசணிக்காய் தப்பியிருக்கும்.

அடுத்த நாள்
பச்சைமிளகாய், வெங்காயம், முருங்கையிலை.
அடுப்பை அணைத்தேன்.
அகப்பைக்குள்ளேயே கொஞ்சம் கரைத்து
மெல்லச் சட்டிக்குள் விட்டேன்.
தேங்காய்ப்பால் இல்லை, உப்பும் போடவில்லை.
ஆரூரன் புட்டுக்கு இரண்டு தரம் வாங்கினான்.
சேறு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

யப்பான் மீனுக்கு யப்பான் பூசியது ஒரு ஞாயிறு.
குளத்து மீனின் பாசி வெடில் போக
ஓர் இரவு பூசி வைத்து,
காலையில் வழித்துத் துடைத்து
தணலில் வாட்டினேன்.
துடைக்காத துண்டு கருகியது.
அதை நான் தின்றேன்.

டப்பாவின் அடி தெரிந்த கிழமை
கடித உறைக்குள் பச்சைத்தூள் வந்தது.
சோற்றில் தூவிப் பூஞ்சணம் வளர்க்க வேண்டுமாம்.
எங்கள் வெயிலுக்கு முதல் சோறு கறுத்தது.
கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
இரண்டாவதை ஈரச்சாக்கில் சுற்றி
காற்றாடிக்குக் கீழே வைத்து
இரவில் மூன்று தரம் எழும்பித் தொட்டேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.
வெள்ளையாய்ப் பூத்தது.
பழுக்கத் தொடங்கிய பலாப்பழ மணம்.

கிளிநொச்சிச் சந்தைச் சோயா,
ஆனையிறவு உப்பு.
அவித்து, மசித்து, உருட்டி,
சாடிக்குள் ஓங்கி எறிய வேண்டும்,
காற்று எங்கும் ஒளியாமல்.
மேலே கருங்கல்.
ஆறு மாதம் கிளறாதே என்றாள்.

விடிய ஐந்து மணிக்குத் தலைக்கவசம் போட்டு
விரல்கடை விரல்கடையாய் நிலம் சுரண்டுகிறவளிடம்
கிளறாதே என்கிறாள்.
குசினி மூலையைக் கடக்கும்போதெல்லாம்
கை துருதுருக்கும்.
வேலியடியில் கிடந்த சிவப்புக் குச்சியை
சாடிக்குப் பக்கத்தில் நட்டேன்.
தவமலர் அக்கா சிரித்துச் சிரித்து
தேத்தண்ணியைச் சிந்தினாள்.

ஐந்தாம் மாதம்.
மழை இருட்டு.
கல்லில் வழிந்த தண்ணியைத் துடைக்க எடுத்தபோது கண்டேன்.
கிளறின மண்ணையும் கிளறாத மண்ணையும்
பிரித்தறியவே சம்பளம் வாங்கும் கண் இது.

ஓரத்தில் ஒரு குழி.
ஒரு சின்ன விரலின் அகலம்,
முதலாவது மடிப்பு வரைக்கும்.

முற்றத்தில் ஆரூரன்
சைக்கிள் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்,
நிமிராமல்.

நான் கேட்கவில்லை.
அந்தக் குழிக்குப் பக்கத்தில்
என் விரலையும் விட்டு நக்கினேன்.

உப்புத் தூவி அமுக்கி
கல்லைத் திரும்ப ஏற்றினேன்.