கடைசியாக வந்தவருக்கு

ஆறு மரவீடுகள். ஆறுக்கும் சாவி என் இடுப்பில்.
ஹல்லா மலை ஏறப் போகிறவர்களுக்குத்
தலையணை உறை மாற்றுவதும்
சௌனாவுக்கு விறகு அடுக்குவதும் என் வேலை.
அவர்கள் கிளம்பிய பின் வருவேன், திரும்புமுன் போய்விடுவேன்.

மலையை நான் தரையில்தான் படித்தேன்.
துடைப்பத்தோடு வரும் சிவந்த இலை
பூர்ச்ச மரக் காட்டைக் கடந்தார்கள் என்று சொல்லும்.
குளியலறை வடிகாலில் கருஞ்சேறு என்றால்
பலகைப்பாதை வழுக்கிச் சதுப்பில் கால் விட்டிருக்கிறார்கள்.
விரிப்பில் ஊதாக்கறை, பழம் தின்ற கையோடு தூங்கியவர்.
குப்பைக்கூடையில் கொப்புளத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரி நாலு:
புது பூட்ஸ்; சொல்பேச்சுக் கேளாதவர்.

அந்த நாலு பிளாஸ்திரி நான்காம் வீட்டுக்காரருடையது.
வெய்யோ, கெர்த்து என்று பதிவேட்டில் பெயர்.
செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால்
படுக்கையில் ஒரு சுருக்கம் இல்லை,
முந்தின நாள் நான் இழுத்துச் செருகிய முனை
செருகினபடி.
குளிர்பெட்டியில் சதகுப்பைத் தழை தூவிய
இரண்டு துண்டு மீன், மூடி வைத்தது.
தரை மட்டும் சூடேறிக் கிடந்தது
யாருடைய காலுக்கும் இல்லாமல்.

ஜன்னலில் மலையே இல்லை. மூடுபனி.

"வந்துடுவாங்க, பணம் கட்டியாச்சே" என்றாள் முதலாளி ஹில்லெவி.
நாளை மதியத்துக்குள் நான் வராவிட்டால்
ஆள் அனுப்பு என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

காட்டைத் தாண்டும்வரை சாவிக்கொத்து குலுங்கியது.
அந்தச் சத்தத்துக்கு ஒரு துருவமான்
மெல்லும் வாயை நிறுத்தி என்னைப் பார்த்தது,
யார் வீட்டைத் திறக்க இங்கே வருகிறாய் என்பதுபோல.
அதன் பிறகு மரமில்லை. கல், காற்று.
ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்,
அது தெரியும்வரை நிற்பேன், தெரிந்ததும் நடப்பேன்.
கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் ஈரமாகி
என் மேலேயே விழுந்தது.

இருட்டியபின் முதலில் வந்தது புகை வாசனை,
அப்புறம்தான் குடில்.
அதற்குப் பூட்டுமில்லை, சாவியுமில்லை.
ஒரே பரண், ஆறு பேர் படுக்கலாம், எட்டுப் பேர் கிடந்தார்கள்.
இந்தக் காட்டில் எழுதாத ஒரு சட்டம் உண்டு:
கடைசியாக வந்தவருக்கே முதல் உரிமை.
முந்தி வந்தவருக்கு உடம்பு காய்ந்திருக்கும்,
வயிறு நிறைந்திருக்கும்,
அவர் எழுந்து இடம் விட வேண்டும்.

எழுந்தார்கள் இருவர்.
நேற்று மாலையே பனியில் சிக்கி வந்தவர்களாம்.
அடுப்போரம் புது பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.
அவன் குதிகாலில் பிளாஸ்திரி.

உங்களைத் தேடித்தான் வந்தேன் என்று
சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள்
என் ஈரச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாள்,
சூப் ஊற்றினாள், சாவிக்கொத்தைப் பார்த்து
"இத்தனை வீடா உங்களுக்கு?" என்று சிரித்தாள்.
"ஆறு" என்றேன்.
"பெரிய ஆள்தான்."
நான் விரிக்கும் படுக்கையில் படுக்கிறவள்
தரையில் சுருண்டாள்.
அவள் விட்டுப்போன சூட்டில் நான் தூங்கினேன்.
வெட்கமாக இருந்தது, ஆனாலும்
அப்படித் தூங்கி வருஷமாயிற்று.

விடிந்தபோது பனி விலகி
பள்ளத்தாக்கு அடிவரை தெரிந்தது.
நகம் அளவில் ஆறு கூரைகள்.
நான்காவதின் வாசல் விளக்கு பகலிலும் எரிந்தது.
"அதோ, அதுதான் எங்கள் வீடு" என்று கை நீட்டினான் வெய்யோ.
"தரையே சூடாக இருக்கும். ஒருநாள் அவசியம் வாருங்கள்."
வருகிறேன் என்றேன்.

நொண்டிக் காலோடு அவர்கள் மெல்ல இறங்கட்டும்.
நான் ஓடைக் குறுக்குவழியில் முந்தி வந்து
விளக்கை அணைத்தேன், சௌனாவைப் பற்றவைத்தேன்.
படுக்கையில் மாற்ற ஒன்றுமில்லை.
செருகிய முனையை மட்டும்
உருவி விட்டு வந்தேன்,
களைத்த காலுக்கு
அதை இழுக்கத் தெம்பு இருக்காது.