தவறான வேகம்

வுப்பர்டாலில் ரயில் தண்டவாளத்தைப் பிடித்துத் தொங்கியபடி
ஆற்றின்மேல் போகும்.
அதற்கடியில், பழைய சாயப்பட்டறையில், நாங்கள் நான்கு பேர்.
நான்காவது ஆள் நான்: வேன் ஓட்டினேன், பெட்டி தூக்கினேன்.
கிட்டார் கிடையாது. டிரம்ஸ் அடிக்க ஆளும் கிடையாது.
இர்ம்ட்ராட் பற்றவைப்பாள்;
ஈயப்புகை அவள் மூக்குக்கண்ணாடியில் படியும்.
டெட்லெஃப் ஒரு குமிழைத் திருகித் திருகி
சாயங்காலம் முழுக்க ஒரே ஒரு ‘டும்’ கேட்பான்.
போதுமா?
இன்னும் ஈரம் இருக்கு, என்பாள்.
ஃபோல்கர் தூங்கிவிட்டிருப்பான்.

எழுபத்து நான்கில் இசைத்தட்டு வந்தது.
ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு:
ரயில் வளைவில் திரும்புகிறது,
திரும்பிக்கொண்டே இருக்கிறது.
‘குளிர்சாதனப் பெட்டிக்கு ஆன்மா உண்டென நம்புகிறவர்கள் வாங்கலாம்’
என்று எழுதினார் ஒரு விமர்சகர்.
நானூறு போயின. மிச்சத்தை நான்தான்
மாடிப்படிக்கு அடியில் அடுக்கினேன்.
அதில் ஒன்றை ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்கு
ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குக் கொடுத்தேன்.
அவர்களிடம் சொல்லவில்லை.

எட்டு வருஷம் கழித்து டெட்ராய்ட்டிலிருந்து
ஒரு கடிதமும் கேசட்டும் வந்தன.
எழுதியவன் ஒடெல் பெட்வே.
பகலில் கார்க் கதவுக்கு நாலு திருகாணி,
அடுத்த கதவுக்கு நாலு.
சனி இரவு, ஒரு தேவாலயத்தின் கீழறையில்
தட்டு சுழற்றுவான்.
ஐம்பது சென்ட் கூடையில் எங்களை எடுத்திருக்கிறான்.
அட்டையெல்லாம் ஜெர்மன்; வேகம் எதுவென்று புரியாமல்
நாற்பத்தைந்தில் விட்டிருக்கிறான்.

கேசட்டை ஓடவிட்டோம்.
முப்பத்து மூன்றில் யோசித்துக்கொண்டிருந்த ரயில்
பாய்ந்தது.
அதற்கு மேலே கைதட்டல், விசில், ஷூக்கள்,
யாரோ ஒருத்தி ‘இன்னும், இன்னும்’ என்று கத்துகிறாள்.
அந்தச் சுவரின் ஈரம்
இங்கே என் முழங்கை வரை வந்தது.

டெட்லெஃப் எழுந்து போனான்.
இதை நாம் செய்யவில்லை, என்றான் கதவருகில்.
இர்ம்ட்ராட் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.
நாம் வைத்தது நிமிடத்துக்கு நூறு அடி.
இது நூற்று முப்பத்தைந்து.
தப்பு, என்றாள்.
சொன்ன வாய் சொல்லிக்கொண்டிருக்க,
மேசைக்கு அடியில் அவள் செருப்பு
எண்ணிக்கையை விடவில்லை.

கடிதத்தின் கடைசி வரி:
உங்கள் டிரம்மர் யார்? அவர் கையை ஒருமுறை குலுக்க வேண்டும்.

ரொட்டித் தகரம் அளவுள்ள அந்தப் பெட்டியின்
மூடியைக் கழற்றி, விளக்கருகே வைத்து,
படமெடுத்து அனுப்பினாள். பின்பக்கம்
தன் பெயரை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

தட்டு எப்படி அங்கே போனது என்று
இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
நல்ல சிகரெட். இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது.