டேப்பின் மறுபக்கம்

எட்டாம் மாத ஸ்கேனில்
டாக்டரின் கை ஓரிடத்தில் நின்றது.
வயித்துல ஒரு நீர்க்கட்டி இருக்கும்மா.
யார் வயித்துல?
குழந்தை வயித்துல.
வயித்துல எங்க?
அவர் சுவரைப் பார்த்தார்.
சுவரில் அந்தப் பலகை:
ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம்.
பொறந்தப்புறம் பாத்துக்கலாம் என்றார்.

ராயபுரம் வரை பஸ்ஸில்
அந்தப் பலகையையே படித்துக்கொண்டு வந்தேன்.
இறங்கும்போதுதான் புரிந்தது.
அன்றிரவு டெரன்ஸிடம்
கட்டியைச் சொன்னேன்.
மகள் என்று சொல்லவில்லை.

பிறந்த மூன்றாம் நாள் எழும்பூர்.
காலில் கட்டிய பட்டையில் பெயர் கிடையாது,
பேபி ஆஃப் சகாயராணி.
இப்போது எல்லாருக்கும் வாய் திறந்துவிட்டது:
சினைப்பை, இடது பக்கம்,
நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.

நான் ஜாக்கெட் தைப்பவள்.
மார்பு முப்பத்தாறு, உயரம் பதினாலரை,
எல்லாம் இன்ச்.
பதினோரு வருடமாகக் கழுத்தில் தொங்கும் டேப்பை
அன்றுதான் திருப்பினேன்.
மறுபக்கம் சென்டிமீட்டர், மை தேயாமல் புதுசாக.
நாலு, அதற்கு மேல் இரண்டு கோடு.
இவ்வளவா?
இவள் வயிறே என் உள்ளங்கை அகலம்தானே.

சும்மா இருக்கிறதுதான் இப்போதைக்கு வைத்தியம்
என்றார் சர்ஜன். சின்னப் பெண்.
உங்க ஹார்மோன் இவளுக்குள்ள மிச்சம் இருக்கு,
அது வடிஞ்சா இதுவும் வடியலாம்.
நான் வாயெடுப்பதற்குள்
நீங்க சாப்பிட்ட எதனாலயும் வரல,
பால் கொடுங்க.
வளர்ந்தா ஊசியால உறிஞ்சலாம்,
முறுக்கிக்கிட்டா வயித்தைத் திறக்கணும்.
பச்சையா வாந்தி, வயிறு உப்பல், நிக்காத அழுகை,
மணி பாக்காம வாங்க.

முறுக்கு எனக்குத் தெரியும்.
பாபினில் நூல் முறுக்கினால்
மெஷின் முதலில் சத்தத்தை மாற்றும்,
பிறகுதான் துணியைக் கடிக்கும்.
அதனால் சத்தம் கேட்டேன்.
துறைமுகத்து கிரேன், கன்டெய்னர் லாரி பிரேக்,
டெரன்ஸின் குறட்டை எல்லாம் கழித்து
மிச்சமிருக்கும் அவள் அழுகையை.
இது பசி. இது ஈரம். இது சும்மா.
ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு
இது எதுவுமில்லை என்று பட்டது.
ஆட்டோவில் ஓடினோம்.
வாயு என்றார்கள்.
போக முந்நூறு கேட்ட ஆட்டோக்காரர்
வாசலிலேயே நின்றிருந்தார்.
திரும்ப நூறு போதும் என்றார்.

ஆறாம் வாரம் முப்பத்தெட்டு.
மூன்றாம் மாதம் முப்பத்தொன்று.
நாலாம் மாதமும் அதே முப்பத்தொன்று,
அந்த வாரம் இரண்டு கை மாற்றித் தைத்தேன்.
ஒவ்வொரு தடவையும் டேப்பில்
நீலச் சாக்பீஸால் ஒரு கீறல்.
இதென்ன கோடு என்று கேட்டாள்
அளவு கொடுக்க வந்தவள்.
என் பொண்ணு அளவு.
பாவாடைக்கா?
ஆமா என்றேன்.

இன்று எட்டு மாதம்.
ஜெல்லியின் குளிரில் துள்ளுகிறாள்.
டாக்டர் தேடுகிறார், தேடிக்கொண்டே இருக்கிறார்.
பதினொண்ணு இருக்கலாம், என்கிறார்,
தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கு.
மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை.
ஆமா, பைல்ல இன்னும்
பேபி ஆஃப்னே இருக்கே, பேர் வைக்கலையா?

செலஸ்டினா.
எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்.
அவர் எழுதி முடிக்கும்வரை
கழட்ட மறந்த டேப்பின் பித்தளை முனையைக்
கடித்துக்கொண்டிருக்கிறாள் அவள்.