நான் கேட்டாக வேண்டிய கேள்வி

இசிபிங்கோ ரயிலடியில், டாக்சி ஸ்டாண்டை ஒட்டிய
மருந்துக்கடையில் எனக்குப் பதினோரு வருடம்.
சட்டப்படி ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்டாக வேண்டும்:
"இதுக்கு விலை குறைஞ்ச ஜெனரிக் இருக்கு, தரட்டுமா?"
இருமலுக்கும் இரத்தக் கொதிப்புக்கும்
சில்லறை எண்ணிக்கொண்டே கேட்டுவிடுவேன்.

பூபாலன் மூட்லியிடம் மட்டும் கேட்டதில்லை.

பள்ளி வேன் ஓட்டுகிறவர். இரத்தத்தில் புற்று.
மாதம் இருபத்தொரு கேப்ஸ்யூல்,
நீலம், நடுவில் வெள்ளைக் கோடு.
மெடிக்கல் எய்ட் மார்ச்சிலேயே கைகழுவிவிடும்.
மிச்ச மாதங்களை வேனின் பதினைந்து சீட்டுகள் சுமக்கும்.
ரேண்டு நோட்டுகளைத் தலைமாற்றாமல்
ஒரே திசையில் அடுக்கித் தருவார்,
குறைகிற பணத்தை ஒழுங்கு ஈடுகட்டிவிடும் என்பதுபோல்.

அதே தூளை இந்தியாவில் செய்கிறார்கள் என்று
மருமகன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான்.
பெட்டி, பெட்டியின் விலை.
"அது இங்க ஏன் இல்ல?"
காப்புரிமை, என்றேன்.
"மருந்துக்கு இருக்கிற எக்ஸ்பயரி அதுக்கு இல்லையா?"

இருக்கிறது. இருபது வருடம்.
நோயாளி விழுங்கிய நாளிலிருந்து அல்ல,
விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து.
விரல்விட்டு எண்ணினோம், நானும் அவரும்,
பின்னால் வரிசை முனகமுனக.
ஜூன் மாதம், ஒரு வியாழன்.
வேனுக்குள் தொங்கும் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் தெரிந்தது,
உள்ளிருக்கும் பளிங்குத்துகளின் வடிவத்துக்கு
இன்னொரு காப்புரிமை உண்டென்று.
அதற்கு மேலும் நான்கு வருடம்.

பிரிட்டோரியாவில் விண்ணப்பம் வாங்கும் மேசையில்
படிவம் நிரம்பியிருக்கிறதா, கட்டணம் கட்டியாயிற்றா
என்று பார்ப்பார்கள்.
இது புதுசுதானா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.
கேட்கிற கடமையெல்லாம்
இந்தக் கவுண்டருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஒருமுறை பதினேழு நாள் பிந்தி வந்தார்.
கணக்கு இடித்தது. நிமிர்ந்து பார்த்தேன்.
"ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன்"
என்றார், வேகத்துக்காகப் போலீஸ் மறித்தவரைப்போல.
நான் திட்டவில்லை.
திட்டினால், அப்புறம் சொல்ல ஏதாவது வேண்டுமே.

வட்டம் போட்ட வியாழனும் வந்தது.
மின்வெட்டு. இன்சுலின் கெட்டுவிடாமல்
ஃபிரிட்ஜுக்கு ஜெனரேட்டர் போட்டோம்.
வேறொன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஈஸ்டர் விடுமுறையில்
அந்த வேன் பெட்ரோல் பங்க் அருகே
விற்பனைக்கு நின்றது. காலண்டரைக் கழற்றியிருக்கவில்லை.

யாரோ வழக்குப் போட்டு, யாரோ சமரசம் பேசி,
நான்கு வருடம் இரண்டரையாகச் சுருங்கி
பெட்டி வந்தது ஒரு திங்கள்கிழமை.
மஞ்சள் கேப்ஸ்யூல். கோடு கிடையாது.
ஐந்தில் ஒரு பங்கு விலை.

முதல் சீட்டைக் கொண்டுவந்தவள் நொம்ஃபுண்டோ,
அம்லாசியிலிருந்து, அம்மாவுக்காக.
ஒரு கால் கடைக்குள், ஒரு கால் வெளியே,
டாக்சி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

கேட்டேன்.
தினம் நூறு தரம் சொல்லும் வாக்கியம்,
பாதியில் நாக்கு தடுக்கியது.

"எதுவானாலும் குடு, சிஸி! டாக்சி போயிடும்."

வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.
மீதிப் பணத்தை எடுக்கவில்லை.
நோட்டுகளை ஒரே திசையில் திருப்பி அடுக்கி
கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்,
வந்தால் கொடுக்க.