கொதிநீர் ஒரு டம்ளர்

முதல் பொட்டலத்துக்கு ஆன செலவு பதினொரு ரூபாய்.
அவல் நாலு, வறுத்த பயத்தம்பருப்பு மூன்று,
எண்ணெய் கடுகு காய்ந்த மிளகாய் எல்லாம் சேர்த்து மூன்று,
கவர் ஒன்று.
பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்சால்பேட்டைக்கு
ஷேர் ஆட்டோ ஏறாமல் நடந்தால்
ஒரு நாளைக்குப் பத்து மிச்சம்.
ஆக, நடந்த நாளெல்லாம் ஒரு வேளைச் சாப்பாடு,
ஒரு ரூபாய் கடனோடு.

ஆறு வாரம் கம்பெனி மூடியதிலிருந்து
எனக்கு இந்தப் பழக்கம்.
ஆர்டர் இல்லை என்றார்கள். ஷூவின் மேல்தோல் தைக்கிற
நாற்பது மெஷினும் உறை மூடி உட்கார்ந்திருந்தன.
ஆழாக்கு தகர டப்பாவின் அடியை உரசுகிற சத்தம்
அப்போதுதான் கேட்டேன்.
இன்னும் தூக்கத்தில் கேட்கிறேன்.

சித்திரை முழுக்க மொட்டைமாடியில் வேலை.
எங்கள் ஊர் வெயிலைத் திட்டாத வாய் இல்லை.
நான் அதைக் கூலி கேட்காத ஆளாக வைத்துக்கொண்டேன்.
தக்காளி மூன்று நாளில் சருகு.
வெங்காயத்துக்கு நான்கு.
இலவம்பாடிக் கத்தரிக்காய் மட்டும் அடம்பிடித்தது,
கொதிநீரில் பத்து நிமிஷம் ஊறியும்
பல்லுக்குப் பல் இழுத்தது.
"இன்னா, கம்பெனித் தோலையே கொண்டாந்துட்டியா?"
என்றார் தசரதன்.
மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

மெழுகுவத்தியும் ரம்பத் தகடும் வைத்துக் கவர் வாயை ஒட்ட
யாரும் சொல்லித்தரவில்லை.
சுட்ட விரல்தான் சொன்னது, இரண்டு தடவை.

பிளாஸ்திரி ஒட்டி நீலப் பேனாவில் எழுதினேன்:
அவல் உப்புமா. புளி அவல். ரவைக் கஞ்சி.
கட்டிய தேதி, கெடும் தேதி.
கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றே:
தண்ணீர் மட்டும் ஊற்றவும்.

முப்பத்திரண்டு பொட்டலம் பரணில் ஏறியபோது
கார்த்திகை பிறந்திருந்தது.
மூன்று நாள் மழை. நிக்கல்சன் கால்வாய்
நள்ளிரவில் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது,
வாடகைக்கு வீடு பார்க்க வந்தது போல
ஒவ்வொரு அறையாக.
அடுப்பையும் சிலிண்டரையும் மாடிப்படித் தளத்துக்கு ஏற்றினோம்,
பொட்டலங்களை லேகா புத்தகப் பையில்.
பக்கத்து வீட்டு மரகதவல்லியும் பிள்ளைகள் இரண்டும்
எங்களோடு ஏறிக்கொண்டார்கள்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. ஒளிப்பானேன்?
ஆறு பேருக்கு ஐந்து வேளை, கைவிரலில் எண்ணி வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் காலை குடத்தைச் சாய்த்தேன்.
முக்கால் டம்ளர்.
கீழே இடுப்பளவு தண்ணீர்,
மண்ணெண்ணெய்ப் படலம், ஒற்றைச் செருப்பு,
யார் வீட்டுப் பூஜைப் படமோ ஒன்று.
என் கையெழுத்தை நானே படித்தேன்.
தண்ணீர் மட்டும்.
ஆற்றில் மணல் மட்டும் ஓடுகிற ஊரில் பிறந்து
அந்த ஒரு வார்த்தையை
எப்படி அவ்வளவு சுலபமாக எழுதினேன்?

பதினோரு மணிக்குத் தெருமுனையிலிருந்து
ஒரு குரல். கேன் போடுகிற ஜபருல்லா.
லோடு ஆட்டோ அணைந்து நின்றுவிட்டது,
அதன்மேல் நிறைந்த கேன்கள் ஒன்பது,
நடுவில் அவர், நேற்று மதியத்திலிருந்து
பன் ஒன்றைத் தவிர எதுவும் சாப்பிடாமல்.

தசரதன் கயிறு பிடித்துப் போனார்.
மிதக்கவிட்டு ஒவ்வொன்றாய்த் தள்ளி வந்தார்கள்,
எருமைக் கன்றுகளை ஓட்டி வருவது மாதிரி.

ஒரு டம்ளர் கொதிநீர். மூடி ஏழு நிமிஷம்.
அவல் மலர்ந்து, சருகாய்க் கிடந்த தக்காளி
சிவப்பை ஞாபகப்படுத்திக்கொண்டது.
ஜபருல்லா முதல் வாயை விழுங்கிவிட்டு
"உப்பு ஒரு கல் கம்மி" என்றார்.
உண்மைதான்.
அடுத்த பொட்டலத்தையும் அவரே பிரித்தார்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. காசு கொடுத்தேன்.
பொட்டலக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.
"காலி கேன் மட்டும் எண்ணித் திருப்பிக் கொடுத்துடணும்மா,
டெபாசிட் என் தலையில."

எட்டுதான் எண்ணிக்கொடுத்தேன். அவர் எண்ணவில்லை.
ஒன்பதாவது பரணுக்குக் கீழே இருக்கிறது, நிறைந்து.
பதினைந்து நாளுக்கொருமுறை மாற்றுகிறேன்.
டெபாசிட் பணத்தை
இன்னும் நடந்துதான் சேர்க்கிறேன்.